குட்டி விலையில் ஏன் இத்தனை வித்தியாசம்?

கேள்வி: லேப்ரடார் குட்டி தேடுகிறோம். கொளத்தூரில் 35 நாள் குட்டி 8,000 ரூபாய். பெரம்பூரில் ஒருவர் ‘60 நாள் ஆகட்டும், 25,000’ என்கிறார். இது அநியாய விலை இல்லையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 35 நாள் குட்டியை விற்பதே தவறு. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி 8 வாரம் முடிந்திருக்க வேண்டும். குட்டி போடவைத்து விற்பவருக்குச் செலவு கூடுவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். தாய்ப்பால் குறைந்து குட்டிகள் தீவனத்துக்கு மாறும். 2, 4, 6, 8 வாரங்களில் குடற்புழு மருந்து, 6-8 வாரத்தில் முதல் தடுப்பூசி. இதையெல்லாம் தவிர்த்துத்தான் அந்த 8,000. பிறகு பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் வயிற்றுப்போக்கு) வந்தால் டிரிப்ஸ், ஊசி என்று மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

இதற்கு முன்பே, பரம்பரை இடுப்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத் தாய்க்கு எக்ஸ்ரே, சுமார் 63 நாள் சினைக்காலம், பால் கொடுக்கும்போது இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு. குட்டி சிக்கினால் சிசேரியன். எட்டுக் குட்டி போட்டால் சமாளிக்கலாம். மூன்றே என்றால் தலைக்கு விழும் செலவு எகிறும்.

அதற்காக 25,000 கேட்பவரெல்லாம் யோக்கியர் இல்லை. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மாநில விலங்கு நல வாரியப் பதிவுச் சான்று கேளுங்கள். ஊசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேனாவில் தேதி மட்டும் என்றால் நம்பாதீர்கள். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் வம்சாவளிக்குத்தான், ஆரோக்கியத்துக்கு அல்ல.

முழுப் பணம் தருமுன் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கே குட்டியை மடியிலேயே வைத்திருங்கள், தரையில் விடவேண்டாம்; நோயுள்ள நாய்களிடமிருந்து தொற்று ஒட்டிக்கொள்ளும்.