'நைஸ்' பிறந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: 'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு காலத்தில் வசவுச் சொல்லாமே?

பதில்: ஆமாம். லத்தீனில் 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' அறியாதவனைக் குறிக்கும். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'முட்டாள்' ஆனது. 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். அப்புறம் கூச்சம், நுணுக்கம், மென்மை என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்பதில் வந்து நின்றது. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் சில இடங்களில் எந்தப் பொருள் என்று தீர்மானிப்பதே கடினம்.

இதை விசித்திரம் என்று ஒதுக்காதீர்கள். நம்மிடம் 'மட' இருக்கிறதே! மடமை அறியாமை, மடமான் என்றாலோ கொஞ்சல். அச்சம், மடம், நாணம் என்று அறியாமையையே அழகில் சேர்த்தார்கள். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: அந்த 'நெஸ்கியுஸ்' ஸ்பானியத்தில் என்ன ஆனது?

பதில்: 'நெசியோ'. இன்றும் முட்டாள்தான். பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பிரான்சின் நீஸ் நகரத்துப் பெயரும் இதுதானே?

பதில்: இல்லை. அது கிரேக்க 'நிகாயா', வெற்றியோடு தொடர்புடையது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: பிரெஞ்சு 'நியே' என்றாலும் அப்பாவி, அசடு. அதுவாவது உறவா?

பதில்: பொருள்கூட ஒத்துப்போகிறது, ஆனாலும் இல்லை. அது 'நிதுஸ்', அதாவது கூடு என்ற சொல்வழி வந்தது. கூட்டிலிருந்து எடுத்த, பறக்கத் தெரியாத பருந்துக்குஞ்சைச் சொன்ன சொல்.

கேள்வி: 'நைய அரை' என்கிறோம். நைஸ் தமிழ்ச் சொல்தான். ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? 'நை' பழந்தமிழ் வினை, சந்தேகமில்லை. ஆனால் அது குழைவதையும் நொந்து தேய்வதையும் சொல்லும். 'நைஸ்' பொடி என்பது மென்மை, நுண்மை. அந்தப் பொருள் ஆங்கிலச் சொல்லிலேயே இருந்தது. இறுதி 'ஸ்' எங்கிருந்து வந்தது என்பதற்கும் உங்கள் வழியில் விடை இல்லை.

கேள்வி: 'நைய' பழக்கத்தில் இருந்ததால்தான் 'நைஸ்' எளிதாக ஒட்டிக்கொண்டது என்றால்?

பதில்: அப்படிக் கேட்டால் சரி, அது நடந்திருக்கக்கூடியது. ஒட்டிக்கொள்வது வேறு, பிறப்பது வேறு.

கேள்வி: நீஸ் நகரம்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: 'நைசாக நழுவினான்' என்பது?

பதில்: அதே வழுவழுப்புதான். சத்தமில்லாமல், பிடிபடாமல் போவது. இந்தப் பொருளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது தமிழ்.