வார்ட்டிலிருந்து வீட்டுக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் உளநல வார்ட்டில் தாதியாக இருந்த காலத்தைப் பற்றி எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். என் தம்பிக்கு இருபத்துமூன்று வயது. சில மாதங்களாக, ஆட்கள் தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்கிறான். ஓர் இரவு கிணற்றுக்கட்டில் ஏறி இருந்தவனை அப்பா இறக்கிக்கொண்டு வந்தார். வைத்தியசாலையில் சேர்த்தோம். சேர்த்தவுடன் பெல்ட், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். என்ர பிள்ளையைக் கள்ளனைப் போல நடத்துகினம் என்று அம்மா அழுதா. தாதி மிஸ்ஸிமார் வந்து பக்கத்தில் இருக்கிறார்கள், போய் எழுதுகிறார்கள். குரல் கேட்குதென்றால், அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லாமல், என்ன சொல்லுது என்று விசாரிக்கிறார்கள். இதுவா வைத்தியம்? அடுத்த கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், வடமராட்சி

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உச்சத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் தப்பிவிடுகிறார்கள். இதற்கு நம் நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின், இருபது வருடங்களில் அது மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. சனத்தின் துயரம் குறைந்தா இறங்கியது? போரும் சுனாமியும் இடம்பெயர்வும் அதே வருடங்களில்தானே வந்தன. வீட்டு மூலையில் இருந்த போத்தல் மாறியது, அவ்வளவுதான். உங்கள் தம்பியின் சார்ஜர் வயரை வாங்கி வைத்த மிஸ்ஸி செய்ததும் அதே வேலை. அவன் வர முன்னம் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுப் பூட்டுங்கள். தோட்டத்து மருந்து எதுவும் வளவுக்குள் இருக்கவேண்டாம். அவனுடைய குளிசைகளும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அவர்கள் எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எத்தனை மணிக்கு நித்திரை கொண்டான், எவ்வளவு சாப்பிட்டான், எந்த நேரத்தில் குரல் கூடுகிறது, குளிசையை விழுங்கினானா, நாக்கின் கீழ் ஒளித்தானா என்பதெல்லாம் அதில் இருக்கும். டொக்டர் ஒரு நோயாளியோடு நிற்பது சில நிமிடங்கள். மிச்ச நேரத்தில் நடந்ததை அந்தக் குறிப்பில்தான் அவர் பார்க்கிறார். இருண்டுபோய்க் கிடந்த ஒருவர் திடீரெனத் தெளிந்த முகத்தோடு எழுந்து, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், பார்க்க வந்த சொந்தங்கள் சந்தோஷப்படும். எங்களுக்கோ நெஞ்சு பதறும். அன்று அவரை விட்டு அசையமாட்டோம்.

குரலைப் பற்றி விசாரித்தது சரியான வேலை. இல்லையென்று வாதாடினால் அவன் எங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவான், குரல் நிற்காது. ஓம் என்று ஆமோதிப்பதும் பிழை. "எனக்குக் கேக்கேல்லைத் தம்பி. உமக்குக் கேக்குதெண்டு விளங்குது. பயமா இருக்கோ?" இப்படித்தான் நாங்கள் கதைப்போம். அந்தக் குரல் ஏதும் செய்யச் சொல்லி ஏவுகிறதா என்பதைக் கட்டாயம் அறியவேண்டும். கிணற்றுக்கட்டில் ஏறச் சொன்னதும் அதுவாக இருக்கலாம்.

மருந்து பற்றியும் ஒன்று. குரலைக் குறைக்கக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளைத் தொடங்கிய முதல் நாட்களில், குறிப்பாக இளம் பொடியன்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் திருகிக் கண் மேலே செருகக்கூடும். அப்படி ஒருவனைப் பேய் பிடித்ததென்று பயந்து செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஓர் ஊசி போட்டோம். அரை மணித்தியாலத்துக்குள் கழுத்தை நிமிர்த்தி, தேத்தண்ணி கேட்டான். தாயால் நம்பவே முடியவில்லை. சந்நிதிக்குப் போவதை நான் மறிக்கமாட்டேன், எனக்கும் முருகன்தான் துணை. ஆனால் குளிசையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து எடுக்கும் ஆட்கள் இதை வாசித்தால்: டொக்டரைக் கேளாமல் கந்தசஷ்டிக்குத் தண்ணீர்கூடக் குடியாமல் விரதம் பிடிக்கவேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் அந்த மருந்தே நஞ்சாகும்.)

வீட்டுக்கு வந்தபின் அவன் பகலெல்லாம் படுத்துக் கிடப்பான், குளிக்கமாட்டான். அது சோம்பல் இல்லை, வருத்தத்தின் ஒரு பகுதி. ஏச்சும் குறைசொல்லும் கூடிய வீடுகளில் குரல் கேட்கும் இந்த நோய் திரும்ப வருவது அதிகம் என்று சமூகவியலாளர் ஜோர்ஜ் பிரவுணும் கூட்டாளிகளும் லண்டனில் ஆராய்ந்து கண்டார்கள், பின்னர் வேறு நாடுகளிலும் அதுவே தெரிந்தது. அப்பாவுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பல்லுத் தீட்டினால், முற்றத்துக்கு வந்து இருந்தால், அன்றைக்கு அது காணும்.

துண்டு வெட்டி வந்த முதல் கிழமைகள்தான் ஆபத்துக் கூடிய காலம். நித்திரை குழம்பினாலோ குரல் கூடினாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். தெல்லிப்பழையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு. சாமத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள். அம்மாவைத் தனியாகக் காவலிருக்க விடவேண்டாம். வார்ட்டில் நாங்களும் டியூட்டி மாறி மாறித்தான் பார்த்தோம். அப்பாவும் நீங்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவை நீங்கள் எடுங்கள், அம்மா படுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா