ரோசா பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஆல்டோ: மலைவீதி இழுவை பற்றிக் கேள்வி பதில்

அட்டனில் கராஜ் வைத்திருக்கிறேன். பழுதாகி நிற்கும் வாகனங்களைத் தூக்கிவர லொறி ஒன்றும் ஓடுகிறது. காலையிலிருந்து மழை விடவில்லை. வேலைக்கு வந்த வாகனம் இரண்டே. ஒரு வாகனத்தை இன்னொன்று இழுப்பது பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் இன்று கேட்கலாம். எந்தக் கம்பி, எந்தக் கொக்கி என்று தொடங்காமல் எந்தப் பிரேக் என்று தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய ரோசா பஸ் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறேன். பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கடை, கோயில் போய்வர எங்கள் மெனுவல் கியர் ஆல்டோ காரைப் பின்னால் இழுத்துச் செல்ல நினைக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

மாஸ்டர், ரோசாவுக்கு ஆல்டோ ஒரு பாரமே இல்லை. ஆளில்லாத ஆல்டோ 700 கிலோவை ஒட்டித்தான் வரும். ஏற்றத்தில் இஞ்சின் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். சங்கடம் இறக்கத்தில். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஏறக்குறைய 1400 மீட்டர் இறங்குகிறீர்கள். 700 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது விடும் சக்தி 25 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சமெல்லாம் ரோசாவின் பிரேக்குக்கும் இஞ்சினுக்கும் வந்து சேரும், பஸ்ஸின் சொந்தப் பாரத்துக்கு மேலதிகமாக.

அதனால் முதல் செலவு பிரேக்குக்கு. ஆல்டோவின் பெடலுக்கு முன்னால் வைக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. பஸ் வேகம் குறையும்போது அது தானாகப் பெடலை மிதிக்கும். பஸ் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறதோ அதற்கேற்ப மிதிக்கும் வகையையே எடுங்கள். கார் கழன்றுபோனால் பிரேக் போட்டுவிடும் மெல்லிய கம்பியும் அதோடு வர வேண்டும்.

அடுத்தது டோ பார் என்கிற முக்கோணக் கம்பி. இதை ஆல்டோவின் பம்பரில் மாட்டக் கூடாது. முன்னால் இருக்கும் சின்னக் கொக்கியிலும் கூடாது. அது பள்ளத்தில் விழுந்த காரை வெளியே எடுக்க வைத்தது, ஊர்ப் பயணத்துக்கு அல்ல. காரின் அடிச்சட்டத்தில் தகடு போல்ட் செய்து, அதில்தான் கம்பி பூட்ட வேண்டும். பஸ் பக்கத்திலும் செஸியில்தான். கம்பி படுக்கையாக நிற்க வேண்டும். இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 75 மில்லிமீட்டருக்கு மேல் போனால், பிரேக் பிடிக்கும்போது கார் பஸ்ஸின் அடியில் நுழையப் பார்க்கும், அல்லது மேலே ஏறப் பார்க்கும். காப்புச் சங்கிலி இரண்டையும் கம்பிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கம்பி கழன்றால் அந்தக் குறுக்கில் விழுந்து தொங்கும், தார் ரோட்டில் குத்தாது.

கடைக்காரர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்: டோ பாரில் கார் கட்டிய பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க முடியாது. நாலடி போவதற்குள் ஆல்டோவின் முன்சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது நம் வீதி வழக்கம். தோட்டத்துக்குள் ஒற்றைப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தால் என்ன செய்வீர்கள்? மழையில் இறங்கி, கழற்றி, ஆல்டோவை வீட்டம்மாவிடம் ஓட்டக் கொடுத்துத்தான் பஸ்ஸைத் திருப்ப வேண்டும். பிரதான வீதியில் மட்டும் இழுத்துச் செல்லுங்கள். கிளைப்பாதை தொடங்கும் இடத்தில் கழற்றிவிடுங்கள்.

நான்கு சக்கரமும் நிலத்தில் இருக்க இழுக்கலாமா என்பதை ஆல்டோவின் கைநூலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இழுக்கும்போது கியர் நியூட்டிரலில், ஸ்டியரிங் பூட்டுத் திறந்திருக்க, கைப்பிரேக் இறக்கி. கடைசியாகச் சொன்னதை மறந்து டயரைப் புகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நுவரெலியா, கனடாவிலிருந்து திரும்பியவர்: அங்கே பாவித்த டோ பாரும் பின்விளக்கு வயர்த் தொகுதியும் கையில் இருக்கின்றன. இங்கே கோஸ்டர் டீசல் பஸ்ஸுக்குப் பொருந்துமா?

கம்பி பொருந்தும், அதன் மேல் அடித்திருக்கும் பார அளவு உங்கள் காருக்குப் போதுமானால். வயரை மட்டும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். கோஸ்டர், ரோசா போன்ற டீசல் பஸ்களுக்கு 24 வோல்ட், காருக்கு 12. நேராக இணைத்தால் முதல் பிரேக்கிலேயே காரின் பின்பல்ப் எல்லாம் போய்விடும். இடையில் வோல்ட் குறைக்கும் கருவி வேண்டும். அங்கே வாங்கிய கொப்ளர், அதாவது பஸ்ஸில் பூட்டும் இரும்பு உருண்டையைக் கவ்வும் கம்பி முனை, இரண்டு அங்குல உருண்டைக்கு. இங்கே 50 மில்லிமீட்டர் உருண்டை கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஆடும். சோடியாகவே வாங்குங்கள்.

வெலிமடை: அக்வாவை டோ பாரில் இழுக்கலாமா?

கூடாது. அக்வா பெற்றோலிலும் மின்மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட் கார். அதன் முன்சக்கரம் மோட்டரோடு பிணைந்தது. சக்கரம் சுற்றினால் மோட்டர் மின்சாரம் உண்டாக்கும். பழுதாகும், தீப்பிடிக்கவும் கூடும். முன்சக்கரம் இரண்டையும் தூக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும்.

ஹப்புத்தளை: இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி: 30 வருடம் தோட்ட லொறி ஓட்டியவன் நான். வண்டி நின்றால் கயிறு கட்டித்தான் இழுத்தோம். கம்பி, பெட்டி எல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம். நல்ல கயிறு ஒன்று போதும், தம்பி.

அண்ணே, ஏற்றத்தில் கயிறு போதும். இறக்கத்தில் கயிறு எதைப் பிடிக்கும்? பின்வண்டிக்காரர்தான் பிரேக் பிடிக்க வேண்டும். அவருடைய இஞ்சின் ஓடவில்லை. இரண்டு மூன்று மிதியில், கால் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். உங்கள் காலத்து லொறியில் ஸ்டியரிங்கே கைப்பலம்தான். உங்களுக்கு அது பழக்கம். இப்போது கார் ஓட்டுகிற பிள்ளைகள் அந்தக் கனத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

அதே தலவாக்கலை: கம்பியும் முறியும்.

முறியும். சங்கிலி அதற்குத்தான்.

கொட்டகலை, முச்சக்கர வண்டிச் சாரதி: பெரியவர் சொல்வது சரி. நாங்கள் பழுதான ஆட்டோவைப் பின்னாலிருந்து காலால் தள்ளியே டவுனுக்குக் கொண்டுபோகிறோம்.

அந்தக் காலைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அதே தலவாக்கலை: பின்னால் இருப்பவனுக்கு ஓட்டத் தெரிந்தால் கயிறு ஒன்றும் செய்யாது. கராஜ்காரருக்குக் கயிறு என்றால் ஏன் இவ்வளவு பயம்?

சொல்கிறேன். வேலை பழகிய காலத்தில் ஒரு வேனைக் கயிறு கட்டி இழுத்தோம். பின்வேனில் இருந்தவன் நான். கொட்டகலைக்கு அப்பால் சிறிய இறக்கம். கயிறு தளர்ந்து தரையில் புரண்டது, என் முன்சக்கரம் அதன்மேல் ஏறியது. முன்னால் போனவருக்கு அது தெரியாது. ஏற்றம் தொடங்கியதும் கியரைக் குறைத்து முறுக்கினார். ஒரு வெடிச்சத்தம். அவருடைய வண்டியின் கொக்கி போல்டோடு பெயர்ந்து என் கண்ணாடியைத் துளைத்து, பக்கத்து சீட்டின் சாய்மானத்தில் குத்தி நின்றது. அந்தச் சீட்டில் யாரும் இல்லை. கொக்கி இப்போதும் என் கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கயிறு விற்கச் சொல்லி வருபவர்களுக்குக் காட்டுவேன்.

அதே தலவாக்கலை: கொக்கியைச் சரியாகப் பூட்டவில்லை, அதற்குக் கயிறு என்ன செய்யும்?

அண்ணே, ஒருநாள் கராஜுக்கு வாருங்கள். தேநீர் குடித்துக்கொண்டே சண்டை பிடிப்போம்.

கினிகத்தேனை: அக்வாவை மெதுவாக இழுத்தால்?

மெதுவாகப் பழுதாகும். மேலே வெலிமடைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புசல்லாவை: வேன் இறக்கத்தில் போகும்போது பிரேக் பெடல் பஞ்சு போல் அமிழ்கிறது. ஆனாலும் ஒரு சிறிய டிரெயிலர் கட்டலாமா?

எதையும் கட்டாதீர்கள். பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்? புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகையில்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். இறக்கத்தில் பெடலை மிதித்தபடியே வராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பெயரும் ஊரும் சொல்லாதவர்: ஹைபிரிட் காரை...

அக்வாவா? கூடாது.

நானுஓயா: அண்ணா, வளைவில் கார் நின்றுவிட்டது. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. நண்பர் வேனோடும் கயிற்றோடும் வந்திருக்கிறார். கட்டலாமா? கார் அக்வா.

கயிற்றை வேனுக்குள் வைக்கச் சொல்லுங்கள். கியரை பி-யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இறுக்கி, சக்கரங்களின் பள்ளப் பக்கத்தில் கல் வையுங்கள். நால்விளக்கும் மின்னட்டும். பிள்ளைகள் இருந்தால் காருக்குள் விடாமல் மண்மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? லொறியோடு புறப்படுகிறேன்.