பார்க்காத வேலையை எப்படி விரும்புவது?

ஐயா, வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டேன். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ.வில் எந்தத் துறையை முதலில் போடுவது என்று குழப்பம். அப்பா கணக்கியல் என்கிறார், மாமா சட்டம் என்கிறார். எனக்கு மனோவியல் பிடிக்கும் போலிருக்கிறது, ஆனால் உறுதியில்லை. கைப்பேசியில் மூன்று ஆர்வச் சோதனைகள் செய்தேன், மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் ஈப்போவில் குவான்டிட்டி சர்வேயராக இருக்கிறார். அது என்ன வேலை என்று தெரியாது, ஆனாலும் அதையே எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. கடன் வாங்கிப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் எந்த ஆசையும் இல்லை? மனோவியலா, கணக்கியலா? நீங்களே சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். அதுவரை நாலு துறையில் கால்வைத்துப் பார்க்கலாம். நம் மலேசியாவில் வாசலிலேயே துறையைக் கேட்டுவிடுகிறார்கள். தெரியாமல் விழிப்பது உன் குறையில்லை, அழாதே.

மாமா சொல்லும் சட்டத்தை விடு, அது மாமாவின் ஆசை. கடனைப் பற்றி உட்கார்ந்து பேசத்தான் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம்.

என்னை உறுத்தியது உன் கடிதத்தில் வரும் அந்த அண்ணன்தான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். தினமும் ஈப்போவுக்குப் போய் வருகிறார். அவர் என்ன செய்கிறார் என்று இத்தனை காலத்தில் ஒருநாள்கூட நீ கேட்கவில்லை! முகம் தெரியாத கைப்பேசிச் சோதனைக்கு மனசைத் திறந்து காட்டுகிறாய், வேலியோரம் நிற்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை பேச வெட்கப்படுகிறாய். இது சரியில்லை, மகளே. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமெண்டு, மொத்தம் எவ்வளவு செலவு என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிடுவதும், குத்தகைக்காரர் கேட்கும் பணம் முடிந்த வேலைக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதும் அவர் வேலை. இதை நானே சொல்லிவிடலாம். ஆனால் எந்த நேரத்தில் அவருக்கு அலுக்கிறது, எந்த வேலையில் நேரம் போவதே தெரிவதில்லை என்று அவர்தான் சொல்ல முடியும்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவன். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர், லாயர், வாத்தியார் என்போம். மிஞ்சிப்போனால் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு காட்டின் முனையிலும் ஒரு பலகை நின்றது. நட்ட வருடம், ஏக்கர், அப்புறம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று ஓர் எண். அதை எழுத்துக்கூட்டிப் படித்தே நாங்கள் ஆங்கிலம் பழகினோம். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் யாரோ மரங்களை இனம் கலந்து, வருடக்கணக்காகப் பால் அளந்து, தேர்ந்தெடுத்த ரகத்தின் பெயர் அது. தாவரவியல் படித்தால் அந்த வேலைக்குப் போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பால் கொட்டகையில் ஒருவர் வாளிக்குள் ஒரு மிதவையை விட்டு, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார். அவர் சொல்லும் எண்ணை வைத்துத்தான் அம்மாவுக்குக் கூலி. மழைநாளில் எண் இறங்கும், வீட்டில் சண்டை வரும். அது வேதியியல் என்று எனக்குத் தெரியாது. வேதியியல் என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது என்றே நினைத்திருந்தேன். அம்மா இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியதற்கும், வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக இறங்குவதற்கும் உள்ள தொடர்பைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இவ்வளவும் கண் முன்னால் நடந்தது. படித்துச் செய்யக்கூடிய வேலையாக எங்களுக்கு எதுவும் காட்டப்படவில்லை. அந்த லயத்தில் எத்தனை பிள்ளைகள் 'எனக்கு எதிலும் ஆசையில்லை' என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தார்கள்! ஆசை இல்லாமல் இல்லை, மகளே. ஆசைப்பட எதையும் காட்டவில்லை.

நீ செய்த சோதனைகள் பலவற்றுக்கு மூலம், ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கொள்கை. மனிதர்களையும் வேலைகளையும் ஆறு வகையாகப் பார்ப்பது. நல்ல கருவிதான். ஆனால் 'இது பிடிக்குமா, அது பிடிக்குமா' என்று அது கேட்கும்போது, பார்த்தறியாத வேலைக்கு நீ எதை வைத்துப் பதில் சொல்வாய்? அவருக்கு முன்பே, 1908இல், ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் பாஸ்டனில் இளைஞர்களுக்கு வேலை ஆலோசனை சொல்ல ஒரு நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் வழி. நம் பிள்ளைகளும், சில ஆலோசகர்களும், முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மனோவியல், கணக்கியல் இரண்டின் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத் தளத்தில் எடுத்து, இரண்டாம் ஆண்டுப் பாடங்களைப் படி. மனோவியலிலும் புள்ளியியல் உண்டு, அதுவும் கணக்குதான். மருத்துவமனையில் உளவியலாளராக வேண்டுமென்றால் முதல் பட்டம் போதாது, முதுகலையும் முடிக்க வேண்டும்.

சனிக்கிழமை அந்த அண்ணன் வீட்டுக்குப் போ. கூச்சமாக இருந்தால் அம்மாவைக் கூட்டிக்கொள். சம்பளத்தைப் பற்றிக் கடைசியில் கேள். முதலில், நேற்று காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேள். அவர் சொன்னதை ஒரு பக்கத்துக்கு எழுதி எனக்கு அனுப்பு. அப்புறம் கணக்கியலைப் பற்றிப் பேசலாம்.