களத்திலிருந்து நிர்வாக நாற்காலி வரை: நான்சி லீபர்மன் பற்றிய கேள்விகள்

சென்னையில் பெண்களுக்குக் கூடைப்பந்து கற்றுத்தருபவள் நான். அமெரிக்க வீராங்கனை நான்சி லீபர்மனைப் பற்றிப் போன வாரம் பேசியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேடம், அவர் ஆடத் தொடங்கியது எங்கே? (பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்)

நியூயார்க்கில், கண்ணு. 1958இல் பிறந்தவர். நல்ல ஆட்டம் வேண்டும் என்பதற்காக ரயிலேறி ஹார்லெம் போய்ப் பையன்களோடு ஆடுவார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் இவரும் இருந்தார். வயது 18.

ஆட்டக்காரி எப்படி நிர்வாகி ஆனார்? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

1997இல் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது, 39 வயதில் ஃபீனிக்ஸ் மெர்குரி அணிக்கு ஆடினார். மறு ஆண்டே டெட்ராய்ட் ஷாக் என்ற புதிய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர், அவர்தான் பொது மேலாளர். முதல் பருவத்தில் 17 வெற்றி, 13 தோல்வி. புதிய அணிக்கு அது பெரிய காரியம். அடுத்து 15-17, பிறகு 14-18. 2000 பருவத்தோடு பொறுப்பு கைமாறியது.

இரண்டு வேலையையும் ஒருவர் தலையில் கட்டியதே தவறு என்பேன். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்பவர் பொது மேலாளர். இருக்கிறவர்களிடம் நம்பிக்கையை வளர்ப்பவர் பயிற்சியாளர். ஒரு கல்லூரி அணியை நானே தேர்ந்தெடுத்து நானே பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் விட்டுப்போன பெண் அதன்பின் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. அந்தப் பருவம் முழுக்க மற்ற பெண்களும் தங்கள் காயத்தை என்னிடம் மறைத்தார்கள். சொன்னால் நீக்கிவிடுவேனோ என்ற பயம்.

ஐம்பது வயதில் ஆடினார் என்பது உண்மையா? (வாசகர், மயிலாப்பூர்)

உண்மைதான் ஐயா. 2008 ஜூலையில் ஏழு நாள் ஒப்பந்தத்தில், அதே டெட்ராய்ட் அணிக்கு! ஒரே ஆட்டம், கூடை போட உதவிய பாஸ் இரண்டு.

ஆண்கள் அணிக்குப் பெண் பயிற்சி கொடுக்க முடியுமா? (வாசகர், அம்பத்தூர்)

கொடுத்துக் காட்டியிருக்கிறார். 2009இல் டெக்சாஸ் லெஜெண்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அமெரிக்க ஆண்களின் முதன்மை லீகான என்.பி.ஏ.வின் வளர்ப்பு லீகில் ஆடும் ஆண்கள் அணி அது. 2015இல் என்.பி.ஏ.விலேயே ஆடும் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளர் ஆனார். 1986இலேயே ஆண்கள் லீகில் ஆடியவர் அவர். ஆண்களோடு ஒரே களத்தில் நிற்பது அவருக்குப் புதிதல்ல.

ரயில்வேயில் வேலை கிடைத்தால் போதும் என்கிறாள் என் மகள். அதற்கு மேல் வழி உண்டா அக்கா? (ஒரு தாய், வில்லிவாக்கம்)

உண்டு அம்மா. ரயில்வே வேலையையும் குறைத்து எண்ணாதீர்கள். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே வீராங்கனைதான். 19 வயதில் இந்திய அணித் தலைவி. தாயான பிறகும் திரும்பி வந்து 2017 ஆசியக் கோப்பை பி பிரிவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பயிற்சியாளராக விரும்பினால் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதற்கு முன்பே, ஆடாத நாட்களில் ஸ்கோர் மேசையில் உட்காரச் சொல்லுங்கள். யார் எத்தனை ஃபவுல், டைம் அவுட் எப்போது, அடுத்து யார் உள்ளே வருகிறார் என்று அவளே எழுதட்டும். பிறகு ஒரு போட்டிக்குக் களம், நடுவர், பந்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பையும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்.