சாவியைக் கையில குடுத்தா வலிப்பு நிக்குமா?

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு ரெண்டேகால் வயசு. போன வாரம் ராத்திரி நல்ல காய்ச்சல், திடீர்னு கண்ணு மேல சொருகி கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு. மாமியார் ஓடிப் போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில திணிச்சாங்க, கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. ஆஸ்பத்திரில காய்ச்சலால வந்த பிட்ஸ்னு சொல்லி மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே எழுதிக் குடுத்தாங்க. சாவியாலதான் நின்னுச்சுன்னு அத்தை சொல்றாங்க. மூளை பாதிக்குமா, காக்கா வலிப்பா மாறிடுமா?
- வாசகி, செய்யாறு

பதில்: பயப்படாதீங்கம்மா. 6 மாசத்துலேந்து 5 வயசு வரைக்கும் காய்ச்சல் அடிக்கும்போது இப்படி வர்றது நூத்துல 2லேந்து 5 குழந்தைங்களுக்கு உண்டு. சில நிமிஷத்துல அடங்கிப் போற இந்த மாதிரி பிட்ஸால மூளை கெடாது, படிப்பும் கெடாது. மூணுல ஒரு குழந்தைக்கு அடுத்த காய்ச்சல்ல மறுபடி வரலாம், ஆனா பெரும்பாலான குழந்தைங்களுக்கு அது கால் கை வலிப்பா மாறாது (இந்த கால் கை வலிப்புதான் பேச்சுல தேய்ஞ்சு காக்கா வலிப்பாச்சுன்னு சொல்வாங்க).

சாவி விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலான பிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும், சாவியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்கும் அவ்வளவு நேரம் ஆயிடும், அதனால பேரு சாவிக்குப் போயிடுது, அவ்வளவுதான். அத்தை பேரன் மேல உள்ள பாசத்துலதான் பண்ணாங்க, சண்டை போடாதீங்க, அடுத்த தடவை அவங்க கையில ஒரு கடிகாரத்தைக் குடுத்து எத்தனை நிமிஷம்னு பாக்கச் சொல்லுங்க, அதுதான் உண்மையிலேயே தேவைப்படற வேலை. நீங்க புள்ளையைத் தரையில ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சில் வெளிய வழியட்டும். வாயில ஸ்பூன், துணி, விரல், தண்ணி எதுவுமே வேணாம், நாக்கை முழுங்கிடும்னு சொல்றது நடக்காது, நாம திணிக்கிற ஸ்பூன்தான் பல்லை உடைக்கும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. 5 நிமிஷம் தாண்டுச்சுன்னா டாக்டர் எழுதின அளவு ஸ்ப்ரே அடிச்சிட்டு 108க்கு போன் பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் இழுத்தா, ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்தா, இல்ல நின்ன பிறகும் புள்ளை தெளியாம கழுத்து விறைப்பா இருந்தா அது வேற விஷயம், காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

கேள்வி: 9 வயசு பொண்ணுக்கு வலது கை மட்டும் இழுத்துச்சு, ஸ்கேன்ல மூளையில புழுக்கட்டின்னு வந்திருக்கு. நாங்க முட்டை கூட சாப்பிடாதவங்க, எப்படி சார்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இதை நிறைய பேர் கேக்கறாங்க. சரியா வேகாத பன்னிக்கறி சாப்பிட்டவங்களுக்குக் குடல்ல நாடாப்புழு வரும். மூளையில கட்டி வர்றது அந்தப் புழுவோட முட்டையால. அந்த முட்டை, புழு இருக்கறவங்க மலத்துல வெளிய வந்து மண்ணு, தண்ணி, கழுவாத கை, பச்சைக் காய்கறின்னு யார் வாய்க்கு வேணா போகும், சைவமா அசைவமான்னு அது பாக்காது. குடல்ல அந்த முட்டை பொரிஞ்சு, ரத்தத்துல கலந்து மூளையில போய் ஒட்டின குட்டிப்புழு சாகும்போது சுத்தி வீங்கும், அப்பதான் பிட்ஸ் வரும். ஒரு காலத்துல நம்ம நாட்டுல இந்த மாதிரி சின்னக் கட்டியை டிபின்னு நெனச்சு மாசக்கணக்கா டிபி மாத்திரை குடுத்தாங்க, வேலூர் சிஎம்சி டாக்டர்கள்தான் கட்டியை எடுத்து சோதிச்சுப் பாத்து நிறைய கேஸ் புழுக்கட்டின்னு காமிச்சாங்க. நிறைய குழந்தைங்களுக்கு இது கரைஞ்சு போயிடும். ஒண்ணே ஒண்ணு, கடையில பூச்சி மாத்திரை வாங்கி நீங்களா குடுத்துடாதீங்க, புழு ஒரேயடியா செத்தா வீக்கம் கூடும், அதனாலதான் டாக்டர் ஸ்டீராய்டோட சேத்துக் குடுப்பாரு. வீட்டுல கொத்தமல்லி, கேரட் மாதிரி பச்சையா சாப்பிடறதை ஓடற தண்ணில நல்லா கழுவுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை.

கேள்வி: பையனுக்கு 6 மாசமா பிட்ஸ் இல்ல, மாத்திரையை நிறுத்திடலாமா?
- வாசகி, தேனி

பதில்: வேணாம்மா. மாத்திரை வேலை செய்யறதாலதான் வரல. பொதுவா ரெண்டு வருஷமாவது வராம இருந்த பிறகுதான் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு, டக்குனு நிறுத்தினா நிக்காம தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை முதல்ல பையில வைங்க, கல்யாண வீட்டுல ராத்திரி பூரா முழிச்சிருக்க விடாதீங்க, தூக்கம் கெட்டாலும் வரும்.