சீட்டுக்குப் போன யோகட் காசு

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10. வீட்டில் ஒரு பசு நிற்கிறது. பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு லீற்றர் 160 ரூபாவுக்குக் கொடுக்கிறோம். சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குத் தொழில் பழக்க வேண்டும் என்று, இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளில் மூன்று லீற்றர் பாலை எடுத்து யோகட் செய்கிறோம். 36 கப் வரும். மகள் காய்ச்சி, ஊற்றி, சட்டி கழுவுவாள். மகன் ஞாயிறு காலையில் லயங்களுக்குக் கொண்டுபோய்க் கப் 60 ரூபாவுக்கு விற்பான். வீட்டுப் பால் என்பதால் நல்ல லாபம். வரும் காசைச் சீட்டுக்குக் கட்டிவிடுகிறேன். சீட்டு எடுத்தால் மகளுக்குத்தான் சங்கிலி வாங்குவேன். ஆனால் மகள் இப்போது "எனக்கு ஏலாது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். போன கிழமை யோகட் உறையவுமில்லை. கவனமில்லாமல் செய்தாய் என்று ஏசினேன். அவளுக்கு எப்படி ஆர்வத்தை வரவழைப்பது?

பதில்: சகோதரி, மகளின் முகத்தைப் பற்றி நாலு வரி எழுதிய நீங்கள், காசைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். "வரும் காசைச் சீட்டுக்குக் கட்டிவிடுகிறேன்." நோய் அந்த வரியில் இருக்கிறது.

இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை காய்ச்சுகிறாள், ஊற்றுகிறாள், கழுவுகிறாள். ஞாயிறு பகல் காசு வருகிறது, வந்த கையோடு போய்விடுகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மிச்சம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியுமா? கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேராவது, அதாவது அரை நாள் சம்பளமாவது, போடுகிறார்கள். நீங்கள் அதுவும் போடவில்லை. அதற்குத் தொழில் பழக்குவது என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள்.

சங்கிலி மகளுக்குத்தானே என்பீர்கள். அவள் கேட்டாளா? சங்கிலி உங்கள் ஆசை, ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதை உங்கள் காசில் வாங்குங்கள்.

பிள்ளைகள் வீட்டு வேலை செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. தண்ணீர் பிடிக்க, கூட்ட, மாட்டுக்குப் புல் போடக் காசு கொடுக்கவே கூடாது. அது வீட்டில் இருப்பவர்களின் கடமை. விற்பதற்கென்று செய்யும் வேலை வேறு. அதில் வரும் காசில் செய்தவருக்குப் பங்குண்டு, கணக்குப் பார்க்கும் உரிமையும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பினால் பிள்ளை இரண்டையும் வெறுக்கும். இந்த நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதை 2021இல் சட்டம் திருத்தி 16 ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் அடுப்படிக்கு யாரும் பரிசோதனைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் 13 வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதை நீங்களே யோசியுங்கள். பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் அடுப்பை மூட்டவே வேண்டாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி மகளின் கையில் கொடுங்கள். முதல் வரி பால். வீட்டுப் பால் என்பதால் லாபம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பிழை. நிலையத்துக்குக் கொடுத்தால் 480 ரூபா வரும் பால் அது. பிள்ளைகள் அதை உங்களிடம் 480 ரூபாவுக்கு வாங்கட்டும். சீனி 60, ஜெலட்டின் 100, உறைக்கு வாங்கும் யோகட் 90, மூடியோடு கப் 36க்கு 360, காஸ் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை விலைக்கு ஏற்ப மாற்றி எழுதலாம். மொத்தம் 1,190. எல்லாம் விற்றால் 2,160. மிச்சம் 970. ஆறு கப் விற்காமல் திரும்பினால் 610தான். அந்த ஆறு கப் எவ்வளவைத் தின்றது என்று பிள்ளைகள் தாங்களே கழித்துப் பார்க்க வேண்டும்.

காசு வந்ததும் முதலில் 1,190ஐ எடுத்து ஒரு டின்னில் போடுங்கள். அது அடுத்த கிழமைக்கான முதல். அதைத் தொடுபவர் யாராக இருந்தாலும், நீங்களே ஆனாலும், கொப்பியில் எழுத வேண்டும். 970இல் 300ஐ நட்டத்துக்கும் சாமானுக்கும் ஒதுக்குங்கள். மீதி 670ஐ வேலை செய்த மணித்தியாலத்துக்கு ஏற்பப் பிரியுங்கள். மகளின் மணித்தியாலம் மகனுடையதைவிட இரண்டு மடங்காவது வரும், பாருங்கள். அந்தக் காசு முழுவதையும் வங்கியில் சிறுவர் கணக்கில் போட்டுவிடாதீர்கள். அவற்றிலிருந்து பெரும்பாலும் 18 வயது வரை எடுக்க முடியாது. கையில் வைத்து, செலவழித்து, தவறவிட்டுப் பார்க்கவும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

சீட்டுக்குக் காசு குறைந்தால்? மகளிடம் கடன் கேளுங்கள். எவ்வளவு, எந்தத் திகதியில் திருப்பித் தருவீர்கள் என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் திகதியில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

யோகட் உறையாததற்கு மகளை ஏசியதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வெப்பமானி இருக்கிறதா? 100 பாகை வரை காட்டும் சமையல் வெப்பமானி ஒன்றுக்கு அந்த 300 ரூபாய்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். பால் பாத்திரத்தைத் தண்ணீர் கொதிக்கும் பெரிய சட்டிக்குள் வைத்து, 85 பாகைக்கு மேல் 30 நிமிடம் வைத்திருங்கள். பொங்கியதும் இறக்கிவிட்டால் யோகட் இறுகாது, நீர் விடும். லீற்றருக்குச் சீனி 80 கிராம், ஜெலட்டின் 5 கிராம். இரண்டையும் உலர்வாகவே கலந்து, பால் சூடேறும்போது தூவிக் கிளறினால் கட்டி விழாது. பிறகு 43 பாகைக்கு ஆற விட்டு, சுவை சேர்க்காத புதிய யோகட்டில் லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றுங்கள். 50 பாகைக்கு மேலிருக்கும்போது ஊற்றினால் உறை செத்துவிடும். கையை வைத்துப் பார்த்து ஊற்றும் வீடுகளில் நடப்பது இதுதான்.

அடுத்தது குளிர். மஸ்கெலியாவில் சமையல் மேசைமேல் வைத்தால் கப் அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். மூடியுள்ள ரெஜிபோம் பெட்டிக்குள் கப்களை அடுக்கி, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை வைத்து மூடுங்கள். நான்கு மணித்தியாலம் பெட்டியை ஆட்டவோ திறந்து பார்க்கவோ கூடாது. உறைந்த உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே விட்டால் புளித்து நீர் மேலே நிற்கும். உங்கள் யோகட்டிலிருந்தே கிழமைக்குக் கிழமை உறை எடுக்கிறீர்களென்றால், நாலைந்து தடவைக்குப் பிறகு அது பலமிழக்கும். புதிது வாங்குங்கள். பாவித்த கப்பைக் கழுவி மறுபடி ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. பசுவுக்கு அண்மையில் மடிவீக்கத்துக்கு ஊசி போட்டீர்களா? நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பாலில் உறை வளராது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உறையாது. மிருக வைத்தியர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. காரணம் இதுவாக இருந்தால் அந்த ஏச்சுக்கு நீங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

விற்பனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் பத்தாம் திகதி. அதற்கு முந்திய கிழமை இரண்டு லீற்றருக்கு மேல் செய்யாதீர்கள், பிந்திய கிழமை நான்கு செய்யலாம். கடன் கொடுப்பதானால் ஒரு வீட்டுக்கு இரண்டு கப்புக்கு மேல் வேண்டாம், அதுவும் கொப்பியில் இருக்க வேண்டும். ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. மாட்டிறைச்சி தொடாத வீடுகள் உங்கள் லயத்திலேயே இருக்கும். கேட்டால் மகன் மறைக்காமல் சொல்லட்டும். அவர்களுக்கென்று ஜெலட்டின் இல்லாமல் பத்துக் கப் தனியே ஊற்றலாம், கொஞ்சம் இளகலாக வரும், அவ்வளவுதான். தோட்டத்துக்கு வெளியே கடைகளுக்குப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். செய்த திகதி, முடிவுத் திகதி, உள்ளடக்கம், நிறை, விலாசம் எல்லாம் லேபலில் இருக்க வேண்டும்.

கணவர் அடுத்த முறை வரும்போது கொப்பியை அவர்முன் விரித்துக் கணக்குச் சொல்ல வேண்டியவள் மகள். நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள். இதுவரை சீட்டுக்குப் போன எட்டுக் கிழமைக் காசையும் எழுதிவையுங்கள், அது நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய கடன்.

இவ்வளவும் செய்த பிறகும் அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அது அவள் பிழையில்லை. மூன்று லீற்றரை ஒன்றரையாகக் குறையுங்கள். சட்டி கழுவ மகன் இருக்கிறான்.